மதிப்புமிக்க வாடிக்கையாளர்

பிப்ரவரி 3, திங்கள்

மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் அதே சிவப்புப் பட்டை. 'உங்கள் கார்டு ஏற்கப்படவில்லை. வேறு கார்டைப் பயன்படுத்துங்கள்.' வேறு கார்டாம். பர்ஸ் நிறையக் கார்டு அடுக்கி வைத்திருப்பவர்கள் மட்டும்தான் பரீட்சை எழுதலாம் போலிருக்கிறது.

கார்டில் பணம் இல்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். முழுத் தொகையும் இருக்கிறது. பொங்கலுக்கு அண்ணன் கையில் கொடுத்த சீர்ப் பணத்தை மேட்டூர் ரோடு சூப்பர் மார்க்கெட்டில் ரொக்கமாகக் கட்டி இந்த கிஃப்ட் கார்டை வாங்கினேன். ஆன்லைனில் எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எங்கு வேண்டுமானாலும்தான், எனக்கு வேண்டிய இடத்தைத் தவிர.

எனக்கு வேண்டிய இடம், நர்ஸ்களுக்கான ஆங்கிலத் தேர்வை நடத்தும் ஏஜென்சியின் வெப்சைட். அதில் தேறினால்தான் அயர்லாந்து ஆஸ்பத்திரிகள் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கும். பணம் கட்ட இந்த மாதம் இருபத்தெட்டு கடைசி. லிங்கை அனுப்பியவள் ஜெசிந்தா. காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட், இப்போது அங்கே டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஆள் எடுக்கிறார்களாம். நானும் டயாலிசிஸ் நர்ஸ்தான். இருந்தேன்.

கார்டில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'வேல்யூட் கஸ்டமர்' என்று போட்டிருக்கிறது. மதிப்புமிக்க வாடிக்கையாளர். 'கார்டில் உள்ளபடி பெயர்' என்று வெப்சைட் கேட்டபோது முதலில் அதையே அடித்தேன். அடுத்து கோகிலவாணி என்று அடித்தேன். அப்புறம் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துக் கோகிலவாணி மோகனசுந்தரம். மூன்று பேருமே வேண்டாமாம்.

மதியம் கேஸ் சிலிண்டர் வந்தது. டெலிவரிக்காரர் ஓடிபி நம்பர் கேட்டார். அது என் வீட்டுக்காரர் போனுக்குத்தான் வரும். அவருடைய மோட்டார் பம்ப் கடையில் வியாபார நேரம், இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. டெலிவரிக்காரர் வெயிலில் நின்று முணுமுணுத்தார். அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் போட்டேன். இன்றும் அதே பட்டை. கொத்தமல்லி பாதி அழுகல், கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் கொட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

சூப்பர் மார்க்கெட்டுக்கே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார்டுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. துணி, செருப்பு, செல்போன் எது வேணாலும் வாங்குங்க, போவுமுங்க."

"எனக்கு செருப்பு வேண்டாமுங்க. பரீட்சைக்கு ஃபீஸ் கட்டோணும்."

"அதுக்கெல்லாம் சில வெப்சைட்டுல எடுக்காதுங்க."

"அதை விக்கறப்பவே சொல்றதுக்கு என்னங்க?"

"கேக்கலீங்களே."

பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். ரூல்ஸ் அப்படியாம். மேனேஜர் வந்து ஒரு சாக்லேட் கொடுத்தார். என் வயது முப்பத்தி மூன்று. வெளியே வந்ததும் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

திரும்பி வரும் வழியில் பார்த்தால் வீட்டுக்காரரிடமிருந்து நாலு மிஸ்டு கால். வீட்டுக்கு வந்து அழைத்தேன்.

"எங்க கண்ணு போயிருந்த?"

"கறிவேப்பிலை வாங்கப் போனனுங்க."

"கறிவேப்பிலைக்கா இவ்வளவு நேரம்?"

அதட்டவில்லை. இவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நம் சொந்தத்தில் எத்தனை வீட்டில் அப்படிச் சொல்ல முடியும்? பிறகு ஓடிப்போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஜெசிந்தாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "ஏண்டி இப்படிக் கஷ்டப்படற? உன் பேங்க் கார்டுல போட்டுத் தொலையேன்."

போடலாம்தான். நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது ஆரம்பித்த சம்பள அக்கவுண்ட் இன்னும் இருக்கிறது. கார்டில் என் பெயர் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு அதை ஜாயின்ட் அக்கவுண்ட் ஆக்கினோம். மெசேஜ் போகும் நம்பரையும் இவர் நம்பராக மாற்றினோம். டயாலிசிஸ் வார்டில் போனைப் பார்க்கவா நேரம் இருக்கிறது, இவர்தான் நாள் முழுக்கப் போனும் கையுமாக இருப்பவர் என்று. நியாயம்தானே. அதனால் கார்டைத் தேய்த்தால் ஓடிபி இவருக்குப் போகும். பணம் எடுத்தால் மெசேஜ் இவருக்குப் போகும்.

எல்லாவற்றையும் கவனிக்கிற மனிதர். போன மாதம் மெடிக்கல் ஷாப்பில் கார்டு தேய்த்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள், என்ன வாங்கினேன் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அழைத்தார். "இந்த மாசம் நாப்கின் ரெண்டு தடவை வாங்கியிருக்கியே கண்ணு, உடம்புக்கு ஏதாச்சுமா?" எந்த ஆண் இதையெல்லாம் கேட்பான்?

பரீட்சை விஷயத்தைப் பாஸ் செய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அவ்வளவுதான். மறைப்பதாக இல்லை.

ஜெசிந்தா தன் கார்டிலேயே கட்டிப் பார்த்தாள். எழுதுகிறவர் பெயரும் கார்டுக்காரர் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அதையும் தள்ளிவிட்டது அந்த வெப்சைட். அந்த வெப்சைட்டைச் செய்தவன் கையில் கிடைத்தால் ஊசி போடும்போது நரம்பை வேண்டுமென்றே தவறவிடுவேன்.

பிப்ரவரி 8, சனி

யூட்யூப்பில் ஒருவர் சொன்னார்: வாலட் ஆப் இறக்கி அதில் வர்ச்சுவல் கார்டு எடுங்கள், கையில் கார்டே வராது, நம்பர் மட்டும் போனில் இருக்கும், உங்கள் பெயரே அதில் வரும். இறக்கினேன். பெயர் போட்டேன். ஆதார் நம்பர் கேட்டது, போட்டேன். 'உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்றது.

என் போன் சும்மா இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் விலாசம் மாற்றியபோது இவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.

உடனே அழைப்பு. "கண்ணு, உன் ஆதாருக்கு ஓடிபி வந்திருக்குது. யாரோ உன் பேர்ல கோல்மால் பண்றாங்க. நீ எதையும் தொடாத. நான் வர்றேன்."

சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். அதற்குள் ஆப்பை அழித்துவிட்டேன். போனை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மெசேஜ், கால், போட்டோ எல்லாம். ஜெசிந்தாவின் மெசேஜ்களை நான் தினமும் அழித்துவிடுவேன், பழக்கம். நான் சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பல்கூட ஒழுங்காக உரியவில்லை.

"வைரஸ் ஏதாச்சும் இருக்கும். ரெண்டு நாளைக்குக் கடையில இருக்கட்டும், நம்ம ஆளு ஒருத்தனை விட்டுப் பாக்கச் சொல்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு போனார்.

சுத்தப் பிராடு ஆப். முதலிலேயே ஆதாருக்குத்தான் அனுப்புவோம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

பிப்ரவரி 9, ஞாயிறு

போன் இல்லை. மாவு அரைத்தேன். பரண் துடைத்தேன். டிவியில் எதைப் போட்டாலும் எரிச்சல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். இவர் நண்பர்களோடு விடியற்காலையிலேயே சென்னிமலைக்குப் போய்விட்டார். போன் நேற்றே கைக்கு வந்துவிட்டது. வைரஸ் இல்லையாம்.

வாசலில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஏஜென்சியின் ஹெல்ப்லைனுக்கு அடித்தேன். பாட்டுப் போட்டு நெடுநேரம் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். நஸ்ரின் என்றாள். தூக்கம் கெட்ட குரல்.

"உங்க கார்டு ப்ரீபெய்டு கார்டு மேம். முதல் சில நம்பரைப் பார்த்தாலே சிஸ்டத்துக்குத் தெரிஞ்சிடும், எடுக்காது."

"தெரிஞ்சா என்னங்க? அதுல பணம் இருக்குது."

"பணம் இருக்கு மேம். ஆள் யாருன்னு இல்ல."

"ஆள் நான்தானுங்க. உங்ககிட்டதான் பேசிட்டிருக்கேன்."

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். போன வருஷம் ஒரு கும்பல் திருட்டுக் கார்டில் கிஃப்ட் கார்டுகளாக வாங்கி, அதை வைத்துப் பல பேருக்குப் பதிவு செய்து, பரீட்சைக்கு வேறு ஆட்களை உட்கார வைத்ததாம். கார்டைப் பறிகொடுத்தவர்கள் பேங்கில் புகார் கொடுத்ததும் அந்தப் பணத்தை ஏஜென்சிதான் திருப்பிக் கட்டியதாம், மேலே அபராதம் வேறு. யாரைப் பிடிப்பது? கார்டில்தான் பெயரே கிடையாதே. இன்னொன்று, எழுத்துத் தேர்வுக்கு இப்போது கட்டுகிறோம், பேச்சுத் தேர்வுக்குத் தேதி கிடைத்ததும் மீதியை அதே கார்டிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் கிஃப்ட் கார்டு காலியாகியிருக்கும். பரீட்சை ரத்தானால் பணத்தைத் திருப்பிப் போடலாம் என்றால் கார்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

"சரி, வர்ச்சுவல் கார்டு எடுத்தா? அதுல என் பேரு வரும்."

"வாலட்ல எடுக்கறதும் ப்ரீபெய்டுதான் மேம். உடனே உருவாக்கி உடனே அழிச்சிடலாம். நாங்க எடுக்கறதில்ல."

"எல்லாரும் திருடங்களா?"

"அப்படிச் சொல்லல மேம். ஆனா தான் யாருன்னு தெரியக்கூடாதுன்னு நெனைக்கறவங்கதான் பெரும்பாலும் இந்த மாதிரி கார்டோட வருவாங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "நான் யாருகிட்டங்க மறைக்கறேன்? உங்ககிட்டயா மறைக்கறேன்? என் சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட், போட்டோ எல்லாம் உங்ககிட்ட இருக்குது. என்னத்த மறைச்சேன்?"

அவள் கீபோர்டில் எதையோ தட்டினாள். பிறகு, "உங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட் இல்லையா மேம்?" என்றாள்.

"இருக்குது."

"அப்ப அதுலயே கட்டலாமே மேம்?"

லைனைத் துண்டித்துவிட்டேன். திமிர் பிடித்தவள். ஹெல்ப்லைனில் உட்கார வைத்தால் ஹெல்ப் செய்யவேண்டியதுதானே, குறுக்கு விசாரணை எதற்கு?

மாலையில் இவர் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

வாணலியில் அடி பிடித்ததை நேற்றிலிருந்து தேய்க்கிறேன். அந்த நஸ்ரின் கேட்டது காதிலேயே நிற்கிறது. அப்ப அதுலயே கட்டலாமே மேம்.

வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், இங்கேயும் அப்படித்தான் எழுத வந்தது. நடந்தது வேறு. அன்று காலை ஷிஃப்ட்டுக்குப் போனால் ரோஸ்டரில் என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர், "நேத்து ரிசைன் பண்ணி மெயில் போட்டுட்டு இன்னைக்கு எதுக்கு வந்தே?" என்று கேட்டார். மெயில் என் ஐடியிலிருந்துதான் போயிருந்தது. நல்ல ஆங்கிலம். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று இருந்தது. முத்துக்கவுண்டர் என்று ஒரு பேஷண்ட், வாரம் மூன்று நாள் வருவார், என்னைத் தவிர வேறு யாரையும் கையில் ஊசி ஏற்ற விடமாட்டார். படுக்கையிலிருந்தே, "அம்மிணி, ஏன் நிக்கற, வா" என்று கூப்பிட்டார். நான் யூனிஃபார்மோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் ஜிலேபி வாங்கி வைத்திருந்தார். "நைட் ஷிஃப்ட் பாத்துப் பாத்துக் கண்ணு கீழ கருத்துப் போச்சு. உனக்கா விட மனசு வராது. அதான் நானே போட்டுட்டேன்" என்றார். நான் ஜிலேபியைத் தின்றேன்.

அன்று எனக்குக் கோபமே வரவில்லை. கொத்தமல்லிக்காரர் மேல் வருகிறது, சிலிண்டர்காரர் மேல் வருகிறது, சாக்லேட் கொடுத்த மேனேஜர் மேல் வருகிறது.

வாணலியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் இவர் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பு ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து போனில் பரீட்சைப் பக்கத்தைத் திறந்தேன். என் பேங்க் கார்டின் நம்பரை அடித்தேன். பெயர், கோகிலவாணி. பட்டை வரவில்லை. ஓடிபி கேட்டது.

தட்டுக்குப் பக்கத்தில் இருந்த இவர் போன் டிங் என்றது. இடது கையால் எடுத்துப் பார்த்தார்.

"ஓடிபி வந்திருக்குது. மறுபடியும் அவனுகதான்..."

"இல்லீங்க. நான்தான் போட்டேன். நம்பரைச் சொல்லுங்க."

"நீயா? எதுக்கு?"

"பரீட்சை ஃபீஸ். நர்ஸுங்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை. பாஸானா அயர்லாந்துல வேலைக்கு எழுதலாம்."

சிரித்தார். கேலியாகக்கூட இல்லை. சின்னப் பிள்ளை மழையில் நனையக் கேட்டால் சிரிப்போமே, அந்த மாதிரி.

"அயர்லாந்தா? நீ ஊட்டிக்குப் போனாலே ரெண்டு ஸ்வெட்டர் போடறவ. ரசம் ஊத்து."

"நம்பரைச் சொல்லுங்க. டைம் ஓடுது."

"பேசலாம் கண்ணு. இதெல்லாம் திடீர்னு முடிவு பண்ற விஷயமா? சாப்பிட்டுட்டு நிதானமாப் பேசலாம்."

போனைக் கவிழ்த்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். என் போனில் வினாடிகள் குறைந்துகொண்டே வந்தன. நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் அந்தப் போனைத் தொடவே இல்லை. மோர் கேட்டார். பட்டை வந்தது. 'நேரம் முடிந்துவிட்டது.'

இந்தத் தடவை வெப்சைட் என்னைத் தள்ளவில்லை.

"அது என் சம்பளப் பணமுங்க" என்றேன். "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு நான் சம்பாதிச்சது. என் பணத்தை எடுக்க நான் எதுக்குங்க உங்ககிட்ட நம்பர் கேக்கோணும்? என் வேலையை விடறதுக்கு நீங்க எப்படி மெயில் போட்டீங்க? யாரு சொன்னா உங்களுக்கு?"

பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் நின்றது. கேட்கட்டும்.

இவர் கை கழுவிவிட்டு வந்து, "யாரு உன்னக் கெடுத்தது? அந்த ஜெசிந்தா புள்ளையா?" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. சாயங்காலம் என் கார்டை பிளாக் செய்துவிட்டதாகச் சொன்னார். பாதுகாப்புக்காக.

பிப்ரவரி 17, திங்கள்

பேங்க் திறக்கும்போதே போய் நின்றேன். என் அக்கவுண்டுக்கு என் நம்பரைப் போடுங்கள், புதுக் கார்டு கொடுங்கள் என்றேன். ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சாரையும் கூட்டிட்டு வந்துருங்கம்மா" என்றார்.

"அக்கவுண்ட்ல முதல் பேரு யாருதுங்க?"

"உங்களுதுதான். இருந்தாலும் சார் இங்க ரெகுலரா வருவாரு. எனக்கு நல்லாத் தெரிஞ்சவரு. எதுக்குங்க வீணா மனஸ்தாபம்?"

"உங்களுக்கு அவரைத் தெரியும். என்னைத் தெரியாது. ஆனா அக்கவுண்ட் என்னுது."

சத்தமாகத்தான் சொன்னேன். நகைக்கடன் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? என் கண் முன்னாலேயே இவருக்குப் போன் போட்டார். "சார், வீட்ல வந்திருக்காங்க, கொஞ்சம் டென்ஷனா இருக்காங்க."

டென்ஷனாம். கண்ணாடித் தடுப்பில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கை இன்னும் வலிக்கிறது. அவர் பயந்து பின்னால் போனார். போகட்டும். ஒரு நாளைக்காவது யாராவது என்னைப் பார்த்துப் பயப்படட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அண்ணன் கோபியிலிருந்து அழைத்தான். "ஏங்கண்ணு, மாப்பிள்ளை தங்கமான மனுஷன். குடியில்லை, அடியில்லை. உனக்கு என்ன குறை?" குறையைச் சொன்னேன். ஓடிபி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "அவரு பேர்லயே இருந்தாத்தான் என்ன?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

இவர் பேசுவதில்லை. டீயைக் கொண்டுபோய் வைத்தால் குடிக்கிறார். மாடிப்படிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்திருக்கிறது. திருட்டு பயமாம்.

பிப்ரவரி 20, வியாழன்

போத்தனூரில் இருக்கிறேன். ஜெசிந்தாவின் அம்மா ஆரோக்கியமேரி வீடு.

சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட், நாலு சேலை, ஸ்டெதஸ்கோப். இவர் கடைக்குப் போனதும் கிளம்பி கோவை பஸ்ஸில் ஏறிவிட்டேன். மேஜையில் சாவியை மட்டும் வைத்தேன். பெருந்துறை தாண்டும் வரை தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன், திருடியைப் போல. அதை நினைத்தால் இப்போது அதற்கும் கோபம் வருகிறது.

ஆரோக்கியமேரி அம்மா, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்கவில்லை. "குளிச்சிட்டு வா, மீன் வறுக்கறேன்" என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

என் பழைய சிம் இவர் பெயரில் இருந்தது. புது சிம் வாங்கினேன். விரலை வை என்றார்கள், வைத்தேன். போஸ்ட் ஆபீஸில் ஆதாருக்குப் புது நம்பர் கொடுத்தேன். அங்கேயும் விரலை வை என்றார்கள். யாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை. இவ்வளவு சுலபமா? இத்தனை நாள் ஒரு விரல் தூரத்தில்தான் இருந்ததா? வெளியே வந்து ரோட்டோரம் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை. ஆத்திரத்தில்.

பிப்ரவரி 24, திங்கள்

இங்கே வேறொரு பேங்கில் அக்கவுண்ட் திறந்தேன். என் ஒரே பெயரில். கவுண்டரில் இருந்த அம்மா ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே டெபிட் கார்டு. திருப்பிப் பார்த்தேன். பெயர் இல்லை.

"ஏனுங்க, இதுலயும் பேரு இல்லையே?" கொஞ்சம் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"உடனே குடுக்கற கார்டுல அச்சடிக்க மாட்டோம்மா. பேர் போட்ட கார்டு அப்புறமா தபால்ல வரும். ஆனா இது உங்க அக்கவுண்ட் கார்டுதான். யார் கேட்டாலும் உங்க பேரை நாங்க சொல்லுவோம்."

பணத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கிஃப்ட் கார்டில் இருப்பதைப் பணமாக எடுக்க முடியாது. ஆரோக்கியமேரி அம்மாதான் வழி சொன்னார். "எனக்கு மிக்ஸி போச்சு, ஃபேனும் ஓடல. அந்தக் கார்டுல நான் வாங்கிக்கறேன். நீ ரொக்கமா எடுத்துக்க." வாங்கினார். ஒரே நொடியில் எடுத்துக்கொண்டது. மிக்ஸிக் கடைக்கு நான் யாராக இருந்தாலும் கவலையில்லை. மீதியில் எனக்கு ஒரு இட்லிக் குண்டானும் வாங்கினார், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கட்டினேன். ஓடிபி என் போனில் வந்தது. அவசரத்தில் ஒரு தடவை தப்பாக அடித்தேன். இரண்டாவது தடவை பச்சைப் பட்டை.

பரீட்சை ஏப்ரலில், கோவையிலேயே.

பிப்ரவரி 27, வியாழன்

சிங்காநல்லூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டர். ஆள் பற்றாக்குறை என்று ஜெசிந்தாவின் அம்மாவுக்குத் தெரிந்தவர் சொன்னார். போனேன். டாக்டர் நாலு கேள்வி கேட்டுவிட்டு ஒரு பேஷண்டிடம் அழைத்துப் போனார். கடினமான கை, பழைய தழும்புகள். விரலை வைத்துப் பார்த்தேன். ரத்த ஓட்டம் தெரிந்தது. ஊசி ஒரே தடவையில் ஏறியது. நாலு வருஷம். கை மறக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

இவர் வந்தார். ஃபீஸ் கட்டியதையும் இங்கே இருப்பதையும் அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், அவன்தான் சொல்லியிருப்பான்.

வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு. ஹாலில் உட்கார்ந்து ஆரோக்கியமேரி அம்மாவிடம் உடம்பெல்லாம் விசாரித்தார். காபி நன்றாக இருக்கிறது என்றார். பத்து நாளில் இளைத்தவர் மாதிரி தெரிந்தார். எனக்கு ஒரு கணம் மனசு கேட்கவில்லை. எழுதி வைக்கிறேன், அதுவும் உண்மைதான்.

"ஃபீஸ் கட்டிட்டியாமே கண்ணு? சந்தோஷம். எங்கிட்ட முறையாச் சொல்லியிருந்தா நானே கட்டியிருப்பனே. இவ்வளவு தூரம் வரோணுமா?"

நான் காபி டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"கெளம்பு. வீட்ல வச்சுப் பேசிக்கலாம். பரீட்சை எழுதற நாளைக்கு நானே கார்ல கூட்டிட்டு வர்றேன்."

"வரலீங்க. நாளைக்கு வேலைக்குச் சேர்றேன்."

"என்னக் கேக்காமயா?"

"ஆமாங்க."

ஆரஞ்சுப் பையை என் பக்கமாக நகர்த்தினார். பிறகு தலையைச் சாய்த்து, வழக்கம்போலச் சிரித்தார். "எம்மேல கோபமா கண்ணு?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்கு 'அதெல்லாம் இல்லீங்க' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். சொன்னதும் சினிமாவுக்குக் கூட்டிப் போவார்.

"ஆமாங்க. கோபம்தான். கடைக்காரங்க மேல இல்ல, அந்த வெப்சைட்டு மேல இல்ல. உங்க மேல. நான் யாருன்னு கேட்டுத்தான் அவங்க என்னை உள்ள விடல. நீங்க ஒருநாளும் அதைக் கேட்டதே இல்ல."

அவர் ஆரோக்கியமேரி அம்மாவைப் பார்த்தார், அவராவது ஏதாவது சொல்வார் என்று. அந்த அம்மா டம்ளரை எடுக்கக் குனிந்தார். "இன்னொரு காபி போடவா தம்பி, இல்ல கெளம்பறீங்களா?"

கிளம்பினார். கேட் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். "எப்ப வருவ?" என்று கேட்டார். அப்போது முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. தெருவில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன், இறங்கவில்லை. கார் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து சிங்க்கில் கை வைத்தேன். ஆரோக்கியமேரி அம்மா டம்ளரைப் பிடுங்கினார்.

"இதை நான் கழுவிக்கறேன். நீ போய்ப் படி."

படித்தேன்.